ரைசன் 7600: செயலியை முடுக்குவதா, ரேமைச் சீரமைப்பதா?

ஏஎம்டி ரைசன் 5 7600 வைத்திருப்பவர் கையிலுள்ள கணினியிலிருந்தே விளையாட்டுகளில் நொடிக்குக் கூடுதல் பிரேம்களைப் பெற இரண்டு வழிகள் உண்டு. செயலியின் கடிகார வேகத்தை ஏற்றலாம். அல்லது ரேமின் வேகத்தையும் டைமிங்குகளையும் (அதன் செயல்களுக்கு இடையிலான காத்திருப்பு அளவுகள்) சீரமைக்கலாம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் ரேமில் கை வையுங்கள்.

ஓவர்க்ளாக்கிங் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) என்றதும் செயலி நினைவுக்கு வருவது பழைய பெருமையால். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியில், பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 என்பது 450 ஆகிவிடும். ஒன்றரை மடங்கு! இன்றைய செயலிகளோ ஆலையிலிருந்து வரும்போதே தம் எல்லையை ஒட்டித்தான் ஓடுகின்றன. 7600 தானாகவே 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. பிபிஓ என்ற ஏஎம்டியின் முடுக்க வசதி வழியாக உச்சத்தில் இன்னும் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டலாம். நான்கு சதவீதம்கூட இல்லை. கூடவே வெப்பமும் விசிறிச் சத்தமும் ஏறும்.

ரேமின் கதை வேறு. டிடிஆர்5 6000 என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்போவை, அதாவது ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை, இயக்காதவரை அது பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் தாமதத்தைக் கடிகாரச் சுற்றுகளில் சொல்வது சிஎல். சிஎல் 40 கொண்ட 4800 ரேமில் அந்தத் தாமதம் சுமார் 16.7 நானோவினாடி, சிஎல் 30 கொண்ட 6000 ரேமில் 10. செயலி தரவுக்காகக் காத்து நிற்கும் நேரம் குறைவதால், சராசரி பிரேம் எண்ணிக்கையைவிட, கூட்டமான காட்சிகளில் ஏற்படும் திணறல் குறைவதுதான் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. எக்ஸ்போவை இயக்கியபின் முதல்முறை திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். ரேமைப் பயிற்றுவிக்கும், அதாவது அதற்கேற்ற அமைப்புகளைக் கணினி சோதித்துப் பார்க்கும் நேரம் அது. பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். ஏஎம்டியின் கணக்கில் எக்ஸ்போவும் ஓவர்க்ளாக்கிங்தான் என்பதால் உத்தரவாத நிபந்தனைகளை முன்பே படித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் கையால் செதுக்கும் வேலையில் எனக்குத் தனி ஈடுபாடு. டிரெஃபி என்ற புதுப்பிப்பு இடைவெளியை உயர்த்தினால் ரேம் தரவைத் தாங்கும் தன் செல்களைப் புதுப்பிக்க இடைநிறுத்துவது குறையும். ஓட்டத்தின் சீர்மை கூடும். ஆனால் சூடேறினால் செல்களில் உள்ள மின்னூட்டம் வேகமாகக் கசியும். இரவில் சோதனையில் பிழையின்றித் தேறிய என் அமைப்பு, மறுநாள் விளையாட்டின் நடுவே நின்றது. கிராபிக்ஸ் கார்டின் அனல் நேராக ரேம் மேல் அடித்ததுதான் காரணம். டிரெஃபியைக் குறைத்து, ரேமுக்கு நேரே சிறு விசிறி வைத்தபின் சரியாயிற்று.

செயலி அளவு மீறினால் கணினி பெரும்பாலும் உடனே உறைந்து காட்டிக்கொடுத்துவிடும். ரேம் அப்படியல்ல. ஓசையில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும். இதில்தான் ரேம் சீரமைப்பு உண்மையிலேயே ஆபத்தானது. டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனை மென்பொருள் பல மணி நேரம் பிழையின்றி ஓடும்வரை முக்கியமான எதையும் அந்தக் கணினியில் சேமிக்க வேண்டாம்.

96 எம்பி எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) கொண்ட 7800எக்ஸ்3டி செயலி வைத்திருப்பவருக்கு இந்த உழைப்பின் பலன் மிகவும் சுருங்கிவிடும், எக்ஸ்போவோடு நிறுத்திக்கொள்ளலாம். 4கேயில் கிராபிக்ஸ் கார்டு திணறும் விளையாட்டுகளில் இரண்டு வழிகளுமே பெரிதாக உதவாது.