மேக்கினா தீவில் கோல்ஃப்: வாவாஷ்கமோவா, ஜுவலா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மேக்கினா தீவில் மோட்டார் வண்டிக்கு 1898-லேயே தடை போட்டுவிட்டார்கள். கோடையைக் கழிக்க வந்த சிகாகோ குடும்பங்கள் வாவாஷ்கமோ கோல்ஃப் கிளப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அலெக்ஸ் ஸ்மித் வடிவமைத்த மைதானம், 9 குழிதான். ஆனால் இடம் சாதாரணமானதல்ல: 1814-ல் பிரிட்டிஷாரும் பூர்வகுடிகளும் அமெரிக்கப் படையை விரட்டியடித்த, அமெரிக்க மேஜர் ஹோம்ஸ் செத்து விழுந்த போர்க்களம்.

அதே தீவில் கிராண்ட் ஹோட்டலின் ஜுவல் கோல்ஃப் மைதானம் வேறு ரகம். 18 குழி. முதல் ஒன்பதை ஹோட்டலுக்கு எதிரே ஆடிவிட்டு, காட்டுக்குள் இருக்கும் மீதி ஒன்பதுக்குக் குதிரை வண்டியில் போகவேண்டும். சவாரி சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் காட்டுக்குள் இருக்கும் அந்த ஒன்பது குழி 1994-ல்தான் வந்தது. பழமைக்காகத் தீவுக்குப் போகிறவர் வாவாஷ்கமோவுக்கே போகட்டும். குடும்பத்தோடு போனால் ஜுவல்.