பேஸ்மேக்கர் கிளஸ்டர்: புறக்கோட்டையில் சில வருடப் பாவனைக்குப் பிறகு

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் கொம்பனி ஒன்றின் பில்லிங், ஸ்டொக் எல்லாம் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேறு வேறு மாடியில் இரண்டு லினக்ஸ் சேர்வர், ஒன்று விழுந்தால் மற்றது வேலையைத் தொடரும்படி அவற்றை ஒரே கிளஸ்டராகச் சேர்க்கப் பேஸ்மேக்கரும் (எது எங்கே ஓடுவதென்று முடிவெடுப்பது) கோரோசிங்கும் (சேர்வர்களுக்கிடையே செய்தி கொண்டுபோவது), எழுதுவதை உடனுக்குடன் மற்றச் சேர்வரின் டிஸ்க்கிலும் எழுத டிஆர்பிடி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்திலிருந்து இதோடுதான் இருக்கிறேன். நல்ல மென்பொருள், காசும் இல்லை. ஆனால் ஃபென்சிங்கை, அதாவது பதில் தராத சேர்வரைப் பலவந்தமாக நிறுத்தும் ஏற்பாட்டை, சரியாகப் போட முடியாதென்றால் கிளஸ்டரே வேண்டாம், ஒற்றைச் சேர்வரும் ஒழுங்கான பேக்கப்பும் போதும்.

நடுவில் உள்ள சுவிட்ச் பழுதானால் இரண்டு சேர்வரும் உயிரோடுதான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் மற்றது போய்விட்டதென்று நினைத்து டேட்டாபேஸைத் திறந்து எழுதத் தொடங்கினால், பின்னேரம் இரண்டு விதமான கணக்கு இருக்கும், ஒரு பக்கத்தைத் தூக்கி எறிந்தால்தான் டிஆர்பிடி திரும்ப இணையும். யாருடைய பில்லை எறிவது? அதனால்தான் மற்றது நின்றுவிட்டதென்று உறுதியாகும்வரை பேஸ்மேக்கர் பொறுப்பைக் கையில் எடுக்காது. பல வழிகாட்டிகள் தொடக்கத்திலேயே ஸ்டோனித்தை (பேஸ்மேக்கரில் ஃபென்சிங்குக்கு உள்ள பெயர்) ஓஃப் செய்யச் சொல்கின்றன, தயவுசெய்து கேட்காதீர்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலானோர் ஃபென்சிங்குக்கு ஐபிஎம்ஐ போடுவார்கள், சேர்வருக்குள் இருக்கும் அந்தச் சின்ன சிப்பிடம் "பவரை நிறுத்து" என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சிப்புக்கும் கரண்ட் வருவது அதே பவர் சப்ளையிலிருந்துதான். ஒரு மாடியின் யூபிஎஸ் படுத்தால் சேர்வரோடு சிப்பும் போய்விடும், மற்றப் பக்கம் கேட்டுக்கேட்டுப் பதில் கிடைக்காமல் அப்படியே நிற்கும். நல்ல சேர்வர் சும்மா இருக்க, கவுன்டரில் ஆக்கள் வரிசையில் நிற்பார்கள். யாராவது போய்ப் பார்த்து, "அது நின்றுவிட்டது" என்று கையால் உறுதி சொன்னால்தான் நகரும்.

இதற்கு எங்களுக்குச் சரிவந்தது எஸ்பிடி என்ற ஃபென்சிங் மென்பொருள், அதுவும் பொதுவான டிஸ்க் ஒன்று இல்லாமல் ஓடும் முறையில். மதர்போர்டில் உள்ள வாட்ச்டொக் டைமரை எஸ்பிடி விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், குவோரம் (கிளஸ்டரின் பெரும்பான்மை வாக்கு) போனால் புதுப்பிப்பதை நிறுத்திவிடும், 5 செக்கனில் ஹார்ட்வேரே சேர்வரை ரீசெட் செய்துவிடும். மற்றது 10 செக்கன் பொறுத்து, அது நின்றிருக்கும் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும், யாரிடமும் பதில் கேட்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு சேர்வரை மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாது, மூன்றாவது வாக்கு வேண்டும். பம்பலப்பிட்டிக் கிளையில் ஒரு பழைய கணினியில் அந்த வாக்கைக் கொடுக்கும் கியூநெட்டி என்ற மென்பொருள் ஓடுகிறது, அதற்குப் பெரிய பலம் ஒன்றும் தேவையில்லை. முழுக் கட்டடமும் இருளானால் அது ஜெனரேட்டரின் வேலை, கிளஸ்டரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

குறை என்றால் லொக் பதிவுகள்தான். ஒரு ரிசோர்ஸ் (டேட்டாபேஸ் போல கிளஸ்டர் ஓட்டும் ஒன்று) ஏன் இடம் மாறியது என்று கண்டுபிடிக்கப் பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டும். அப்புறம் போஸ்ட்கிரெஸின் ஸ்டொப் டைம்அவுட்டைத் தாராளமாக வையுங்கள், மூடும்போது செக்பொயின்ட் (நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் சேர்ப்பது) எழுத நேரம் எடுக்கும், அதற்குள் நேரம் முடிந்தால் நிறுத்த முடியவில்லை என்று பேஸ்மேக்கர் கணித்து அந்தச் சேர்வரையே ஃபென்ஸ் செய்துவிடும். அப்டேட் போடும் முன் மெயின்டெனன்ஸ் மோட், அப்போது பேஸ்மேக்கர் எதிலும் கை வைக்காது. சோதிப்பதென்றால் ஒரு சேர்வரை ஒழுங்காக ஒதுக்கிவைக்கும் ஸ்டேண்ட்பை கட்டளை மட்டும் போதாது, ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.