லிங்கன் ஸ்கொயர் ஜெர்மன் பப்: ஜனவரியில், வேலை நாளில் போங்கள்

சிகாகோவில் ஜெர்மன் பப் என்றாலே நம் ஆட்கள் செப்டம்பர் கடைசியில்தான் கிளம்புகிறார்கள். அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பியர் திருவிழாக் கூட்டம், ஒரு லிட்டர் குவளை, நாலு போட்டோ, அவ்வளவுதான். லிங்கன் ஸ்கொயரில் நாங்கள் பல வருடங்களாகப் போய்வரும் கடையை அப்படிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. குளிர் காலத்தில், செவ்வாயோ புதனோ ராத்திரி போக வேண்டும். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், அடுத்த வாரமும் அங்கே போயாக வேண்டுமே.

ஒரு காலத்தில் இது ஜெர்மானியர்கள் நிறைந்த பேட்டை. பேர்போன சிகாகோ பிராவ்ஹவுஸ் என்ற ஜெர்மன் உணவகத்தையே 2017 கடைசியில் மூடிவிட்டார்கள். 1875-இல் தொடங்கிய மெர்ஸ் மருந்துக்கடை இருக்கிறது. டாங்க் ஹவுஸ் பண்பாட்டு மையம் இருக்கிறது. பிரவுன் லைன் ரயிலில் வெஸ்டர்ன் நிலையத்தில் இறங்கினால் பெர்லின் சுவரின் ஒரு துண்டே நிற்கிறது. அப்புறம் இந்த மாதிரி ஒன்றிரண்டு கடைகள்.

எங்கள் கடையில் முன்பக்கம் டெலி, அதாவது சாசேஜும் ரொட்டியும் விற்கும் கவுண்டர்; பின்பக்கம் பப். கதவைத் திறந்ததும் புகை போட்ட இறைச்சி வாசனை முகத்தில் அடிக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வகைவகையாகச் சாசேஜ். அலமாரியில் கறுப்பு ரை ரொட்டி, டியூபில் அடைத்த கடுகு விழுது, வெள்ளரி ஊறுகாய் பாட்டில்கள். அதைத் தாண்டினால் தாழ்ந்த கூரை, மர பெஞ்சு, மங்கல் விளக்கு.

வேலை நாளில் போகச் சொல்வதற்கு முக்கியக் காரணம் ஹெஃபெவைட்சன் என்ற கோதுமை பியர். கூட்டமில்லாத ராத்திரியில் பார்டெண்டர் உயரமான கிளாஸைத் தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, பாட்டிலை மெதுவாகக் கவிழ்ப்பார். கடைசியில் ஒரு விரற்கடை மிச்சம் வைத்து, பாட்டிலை ஒரு சுழற்றுச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டையும் நுரையோடு சேர்த்து ஊற்றுவார். கலங்கலான மஞ்சள் நிறம். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மாதிரி வாசனை. இரண்டுமே அதில் கிடையாது, எல்லாம் அந்த ஈஸ்ட்டின் வேலை. வெள்ளிக்கிழமை போனால் இதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை. கிளாஸில் 0.5 லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கும். பியர் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேலே நிற்க வேண்டும். வார இறுதியில் பாதி நேரம் நுரைதான் கோட்டைத் தொடுகிறது. சொன்னால் மறுபேச்சில்லாமல் நிரப்பித் தருவார்கள், ஆனால் நாம்தான் சொல்ல வேண்டும்.

குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. என் மனைவி ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லதான் கேட்பாள். ஆல்கஹால் இல்லாத கோதுமை பியரும் உண்டு, ருசி மோசமில்லை.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு சாலட்தானே என்று நண்பன் ஆர்டர் பண்ணப் போனான். "டேய், எதுக்கும் ஒரு தடவை கேட்டுக்கோ" என்றேன். தெற்கு ஜெர்மனிப் பக்குவத்தில் மயோனைஸுக்குப் பதில் வினிகரும் இறைச்சி சூப்பும் ஊற்றுவார்கள்; இங்கேயும் அப்படித்தான். முட்டைக்கோஸ் வகைகளிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். கவலையில்லாமல் சாப்பிட ஒபாட்ஸ்டா இருக்கிறது: கமம்பேர் சீஸை வெண்ணெய், பாப்ரிகா தூளோடு பிசைந்தது, பிரெட்சல் என்ற முறுக்கு மாதிரி வளைத்த ரொட்டியில் தடவித் தின்ன வேண்டும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு கேஸ்ஷ்பெட்ஸ்ல; சீஸில் புரட்டிய குட்டிக் குட்டி மாவுத் துண்டுகள், மேலே முறுகலாக வறுத்த வெங்காயம். ஒரு தட்டை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் வைஸ்வுர்ஸ்ட் என்ற வெள்ளைச் சாசேஜைத் தவிர்க்கலாம், அதில் கன்றுக்குட்டி இறைச்சி இருக்கும்.

கறிவுர்ஸ்ட் என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். 1949-இல் பெர்லினில் ஹெர்டா ஹாய்வர் என்ற பெண்மணி ஆரம்பித்து வைத்தது; சாசேஜ் மேலே தக்காளி சாஸ், அதில் கடையில் விற்கும் கறிப்பொடி. நம் நாக்குக்கு அது இனிப்பு கெட்சப், அவ்வளவே. அதைவிட வறுத்த பிராட்வுர்ஸ்ட் சாசேஜும் காரமான கடுகும் எவ்வளவோ மேல்.

முன்பு போல் இல்லாமல் இப்போது பிடிக்காதவை: ராத்திரி ஒன்பதுக்கு மேல் பிரெட்சல் மைக்ரோவேவில் சூடாகி ரப்பராக வருகிறது. கால்பந்து மேட்ச் இருந்தால் டிவி சத்தத்தில் பேசவே முடியாது. விலை ஏறிக்கொண்டே போகிறது, அதற்கு மேல் இருபது சதவீதம் டிப்ஸ். இரண்டு பேர் சாப்பிட்டுக் குடித்தால் நூறு டாலருக்குக் குறையாது.

கடைசியாக ஒரு விஷயம். பப் நள்ளிரவு வரை திறந்திருந்தாலும் டெலி கவுண்டரை ஏழு மணிக்கே மூடிவிடுவார்கள். போனவுடனே சாசேஜும் ரொட்டியும் வாங்கி, பெயர் எழுதி அவர்களுடைய ஃபிரிட்ஜிலேயே வைக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது கேட்டு வாங்க மட்டும் மறக்காதீர்கள்.