உப்புக்கறைக்கு ஆசிட்டா, எலுமிச்சை உப்பா?

வேலூர், காட்பாடி பக்கம் போர் தண்ணி புழங்குற வீடுகளில் குழாய் மூக்கிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளையாகக் கறை ஏறிவிடும். எல்லாம் கால்சியம், மெக்னீசியம் உப்பு.

பாத்ரூம் கழுவும் ஆசிட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு உடனே போய்விடும். ஆனால் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் சேர்த்தே அரிக்கும். குழாயின் பளபளப்பும் போய்விடும். ப்ளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் தூள், நிதானம்தான். ஒரு மக் வெந்நீரில் 2 ஸ்பூன் கரைத்து, பழைய துணியை நனைத்துக் குழாயில் சுற்றிவிடுங்கள். அரைமணி கழித்துத் தேய்த்துக் கழுவினால் போதும். வாராவாரம் செய்தால் கறை கெட்டிப்படாது. என் ஓட்டு இதற்கே. மொசைக் தரைக்கு மட்டும் இரண்டுமே வேண்டாம், மார்பிள் சில்லு அரித்துப்போகும்.