டோர்ட்மண்ட் மஞ்சள் சுவரில் நின்று பார்த்த ஆட்டம்: டிக்கெட் வாங்கலாமா?

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரத்துக் கால்பந்து கிளப்பான பொருசியா டோர்ட்மண்டின் மைதானத்தில், தெற்கு மாடத்தில் உட்கார நாற்காலி கிடையாது. செங்குத்தாக ஏறும் படிகள், நடுநடுவே கூட்டம் சரியாமல் இருக்க இரும்புக் கம்பித் தடுப்புகள், அவ்வளவுதான். 24,454 பேர் நிற்கலாம். நின்று பார்க்கும் மாடங்களில் ஐரோப்பாவிலேயே இதுதான் பெரியது. மொத்தப் பேரும் மஞ்சளில் நிற்பதால் மஞ்சள் சுவர் என்று பெயர் வந்துவிட்டது. 2025 மார்ச் 8, ஒரு சனிக்கிழமை, முதல் தடவையாக நானும் அங்கே நின்றேன். டிக்கெட் சுமார் 20 யூரோ, நகர ரயிலில் போய்வருவதும் அதிலேயே அடக்கம். போகலாமா, காசுக்குத் தகுமா என்று நண்பர்கள் ரெண்டு மூன்று பேர் கேட்டார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், ஏனென்றால் அங்கே போனதில் எனக்கு வேறு ஒரு கேள்விக்கும் பதில் கிடைத்தது.

கேள்வி இதுதான். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிற பதினோரு பேர், அதில் பாதிப் பேர் ரெண்டு வருஷத்தில் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள், அவர்கள் தோற்றால் வேறு வேலை பார்க்கும் ஒரு மனுஷன் ஏன் ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறான்? திருப்பூரில் என் அப்பா கிரிக்கெட்டுக்கு அப்படிப் படுத்தவர். சின்ன வயசில் எனக்கு அது புரிந்ததே இல்லை.

டிக்கெட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் பட்டதை இன்னொருவர் பட வேண்டாம். முந்தைய வருஷம் ஒரு மறுவிற்பனை இணையதளத்தில் 140 யூரோ கொடுத்து வாங்கினேன். வாசலில் ஸ்கேன் செய்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது, அதே டிக்கெட்டில் ஏற்கெனவே யாரோ உள்ளே போயிருந்தார்கள். பணம் திரும்ப வரவே இல்லை. ஆகவே கிளப்பின் சொந்த விற்பனைப் பக்கம் தவிர வேறு எங்கேயும் வாங்காதீர்கள். அங்கேயும் சுலபமில்லை, 81,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானத்தில் சுமார் 55,000 இடங்கள் சீசன் டிக்கெட்காரர்களுடையவை. தெற்கு மாடத்தில் அந்த டிக்கெட்டை விட்டுக்கொடுப்பவர்கள் அபூர்வம், அப்பா தருவார், பிள்ளை வாங்கிக்கொள்ளும். நான் போக முடிந்ததே எங்கள் மாடி வீட்டு அண்ணையால்தான். அவர் மகனுக்கு அன்றைக்கு வேலை, அந்த டிக்கெட் எனக்கு வந்தது.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், 1986இல் அகதியாக வந்தவர், முப்பது வருஷம் உணவகச் சமையலறைகளில் நின்றவர். "தம்பி, டிவியில பாக்கிறது வேற, அங்க நிண்டு பாக்கிறது வேற. ஒருக்கா வாரும், பிறகு கதைப்பம்" என்றார். சரி என்று கிளம்பினேன்.

ஆட்டம் மாலை மூன்றரைக்கு. நாங்கள் ஒன்றரைக்கே உள்ளே போய்விட்டோம், நீங்களும் அப்படியே போங்கள், ஏனென்றால் தெற்கு மாடத்தில் பொதுவாக இடத்துக்கு எண் பார்ப்பதில்லை, முதலில் வந்தவர் நிற்பது முதல் இடம். கோலுக்கு நேர் பின்னால் கீழ்ப்பகுதியில் நின்றால் பெரிய கொடிகள் அசையும் நேரமெல்லாம் புல் தெரியாது. மேலே ஏறினால் ஆட்டம் தெளிவாகத் தெரியும், சத்தம் கொஞ்சம் குறையும். அண்ணை நடுவில் ஒரு கம்பித் தடுப்பைப் பிடித்து வைத்திருந்தார், இருபது வருஷமாக அதே கம்பியாம். சுற்றியிருந்த ஜெர்மன்காரர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாதிப் பேருடைய குடும்பப் பெயர் அவருக்கும் தெரியாது, அவருடையது அவர்களுக்கும் தெரியாது. ஆனால் யாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது, யார் மகள் பரீட்சை எழுதுகிறாள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிகிறது.

எனக்கு முன்னால் அறுபது தாண்டிய ஒரு அம்மா. கையில்லாத ஜீன்ஸ் மேல்சட்டை, அதன் மேல் இடைவெளியே இல்லாமல் துணி வில்லைகள் தைத்திருந்தார். வெளியூர் ஆட்டம், கோப்பை, பழைய சீசன் என்று ஒவ்வொன்றும் ஒரு கதை. அதில் ஒரு வில்லை மட்டும் வேறு நூலில், தடித்த கறுப்பு நூலில், கோணலாகத் தைத்திருந்தது. அவர் கணவர் கடைசியாகத் தைத்ததாம், அதனால் பிரித்துத் தைக்கவில்லை என்று அண்ணையிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். அந்தக் கோணல் தையலைத் தொண்ணூறு நிமிஷமும் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பாவைப் பற்றிய என் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆட்டத்துக்கு முன்னால் லிவர்பூலிலும் பாடுகிற "யூ வில் நெவர் வாக் அலோன்" என்ற பழைய பாட்டை எல்லோரும் கழுத்துத் துண்டைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். பிறகு வீரர்களின் பெயர் அறிவிப்பு. அறிவிப்பாளர் முதல் பெயரை மட்டும் சொல்வார், மாடம் குடும்பப் பெயரைக் கத்தும். அந்த அறிவிப்பாளர் நோர்பெர்ட் டிக்கல், 1989 ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டத்தில் காயம்பட்ட முழங்காலோடு இறங்கி ரெண்டு கோல் போட்டவர். 4-1 என்று பிரேமன் அணியை வென்றார்கள். அந்த முழங்காலால் அவருடைய ஆட்ட வாழ்க்கை சீக்கிரமே முடிந்துபோனது. அவரை இந்த ஊர் விடவில்லை, கையில் மைக்கைக் கொடுத்து வைத்துக்கொண்டது. அவர் "நிகோ" என்கிறார், 24,000 பேர் "ஷ்லோட்டர்பெக்" என்கிறார்கள், சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் காலுக்குக் கீழே படி அதிர்கிறது. பெயர் தெரியாத எனக்கும் மூன்றாவது வீரருக்குள் வாய் திறந்துவிட்டது.

இன்னொன்று, இதை டிவியில் காட்டவே மாட்டார்கள். கீழே வேலிக்குப் பக்கத்தில் மேடை போட்டு ஒருவர் ஒலிபெருக்கியோடு நிற்கிறார், பாட்டை எடுத்துக் கொடுப்பவர். அவர் எங்களைப் பார்த்து நிற்கிறார், அதாவது ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சீசன் முழுக்க மைதானத்துக்கு வருகிறார், ஆட்டத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை! ஆடுபவர்களைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது என்று நினைத்திருந்தேன். அவருக்கு மாடம்தான் ஆட்டம். அண்ணை இதற்கு ஒரு ஒப்பீடு சொன்னார். டோர்ட்மண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹாம் என்ற ஊரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, ஈழத்து ஆட்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில், வருஷா வருஷம் தேர் ஓடும். "வடம் பிடிக்கிறவன் அம்மனைப் பாக்கிறேல்ல தம்பி, முன்னுக்கு நிக்கிறவன்ர முதுகைத்தான் பாப்பான்" என்றார்.

எதிரணி ஆக்ஸ்புர்க். முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். போட்டவர் கெவன் ஷ்லோட்டர்பெக், சற்று முன் நாங்கள் பெயர் கத்திய நிகோவின் சொந்த அண்ணன். ஒரு மூச்சு விடும் நேரம் மாடம் முழுக்க அமைதி. முன்னால் நின்ற அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்தார், விரல் வெளுத்தது. அப்புறம் மேளம் மறுபடி ஆரம்பித்தது, முன்பைவிட வேகமாக. கடைசிவரை திருப்பிப் போட முடியவில்லை, 0-1.

அண்ணைக்கு இது இரண்டாவது தடவை. 2015 பிப்ரவரியிலும் இதே ஆக்ஸ்புர்க், இதே மைதானம், இதே 0-1. அன்றைக்கு டோர்ட்மண்ட் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது. ரெண்டு வருஷம் முன்னால்தான் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போன அணி. மாடம் கோபத்தில் விசிலடித்தது. கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் தடுப்பாட்டக்காரர் ஹும்மெல்ஸும் நேராகத் தெற்கு மாடத்துக்கு வந்து வேலியில் ஏறி, கீழே நின்றவர்களோடு முகத்துக்கு முகம் பேசினார்கள். அண்ணை அன்றைக்குக் கொஞ்சம் மேலே நின்றார், என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, ஆனால் வந்தார்கள் என்பதே போதும் என்றார். அந்த சீசனை 7வது இடத்தில் முடித்தார்கள்.

ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1976இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பல்கலைக்கழக அணி ஜெயித்த வார இறுதிக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட உடுப்பை அதிகமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் "நாங்கள்" என்று வரும், தோற்றதைச் சொல்லச் சொன்னால் "அவர்கள்" என்று மாறும். அடுத்தவர் வெற்றியில் குளிர்காய்வதுதான் ரசிகர் மனசு என்று ஒரு விளக்கம் அதிலிருந்து வந்தது. சும்மா ரசிகர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் தெற்கு மாடத்தில் தோற்ற ஆட்டத்துக்கும் "நாங்கள்"தான். அந்த அம்மாவின் சட்டையில் ஜெயித்த ஆட்டங்கள் மட்டுமா இருந்தன?

வெற்றி காரணம் இல்லை என்றால் எது காரணம்? ஊரைப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடுகிறது. இந்தக் கிளப் 1909இல் பாதிரியாருக்குப் பிடிக்காமலே தேவாலயத்துப் பையன்கள் ஒரு மதுக்கடையில் கூடி ஆரம்பித்தது. சுற்றிலும் உருக்காலை, நிலக்கரிச் சுரங்கம். டோர்ட்மண்டின் கடைசிச் சுரங்கம் 1987இல் மூடியது. ஃபீனிக்ஸ் உருக்காலை 2001இல் நின்றது, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள், ஆலை இருந்த இடத்தில் இப்போது ஏரி, கரையில் பணக்கார வீடுகள். அப்பா வேலை பார்த்த இடம் எது என்று பிள்ளைக்குக் காட்ட ஒன்றுமில்லை, ஒரு தண்ணீர்ப் பரப்புதான் இருக்கிறது. அப்பா நின்ற கம்பி மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் போகப் பார்த்தது, 2005இல் கிளப் கடனில் மூழ்கி திவாலின் விளிம்புவரை போனது. முதலீட்டாளர்கள் கடைசி நேரத்தில் மீட்புத் திட்டத்துக்கு ஒத்துக்கொண்டதால் பிழைத்தது. அந்த வாரத்தைப் பற்றி அண்ணை பேசும்போது குரல் இறங்கிவிடுகிறது, ஊரை ஒரு தடவை விட்டு வந்தவருக்கு அது வேறு மாதிரி வலித்திருக்க வேண்டும்.

2016 மார்ச் 13 பற்றியும் அவர்தான் சொன்னார். மைன்ஸ் அணியோடு ஆட்டம். நடுவில் ஒரு ரசிகர் மாரடைப்பில் இறந்துபோனார். செய்தி மாடம் மாடமாகப் பரவியது, இரண்டாவது பாதியில் பாட்டு நின்றது, மேளம் நின்றது, 80,000 பேர் இருந்த இடத்தில் வீரர்கள் கூப்பிட்டுக்கொள்வதும் பந்து உதைபடுவதும் தனியாகக் கேட்டது. டோர்ட்மண்ட் 2-0 என்று ஜெயித்தது, யாரும் கொண்டாடவில்லை. முடிந்ததும் வீரர்கள் தெற்கு மாடத்துக்கு முன்னால் கைகோத்து நின்றார்கள், துண்டுகளை உயர்த்தி அந்தப் பழைய பாட்டைப் பாடினார்கள். இறந்தவரின் பெயர் அப்போது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எனக்கு இதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது.

சரி, மற்ற விவரங்கள். சாப்பிட சுட்ட பன்றி இறைச்சிக் குழல் (சாசேஜ்)தான் பிரதானம், ரொட்டிக்குள் வைத்து கடுகுச் சாந்து தடவித் தருவார்கள், நன்றாகவே இருக்கும். சைவர்கள் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. பியர் மேலேயிருந்து தெறிக்கும், நல்ல சட்டை வேண்டாம். கழிவறைக்கு இடைவேளையில் போகாதீர்கள், ஐந்து நிமிஷம் முன்னால் போய் வாருங்கள், உங்கள் இடத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். குட்டிப் பிள்ளைகளை இந்த மாடத்துக்கு அழைத்துப் போக நான் சொல்ல மாட்டேன், பக்கவாட்டு மாடங்களில் நாற்காலி உண்டு. மார்ச்சில் குளிராக இருக்கும் என்று தடித்த கோட்டு போட்டுக்கொண்டு போனேன், அரை மணியில் கழற்றிவிட்டேன், கூட்டத்தின் சூடே போதும். ஆட்ட நுணுக்கம் படிக்க ஆசைப்பட்டால் வேறு மாடத்தில் வாங்குங்கள், அல்லது வீட்டில் பாருங்கள். அதற்கு இந்த இடம் சரிவராது. மற்ற எல்லாவற்றுக்கும் 20 யூரோ மிகக் குறைவு. ஜெர்மனியில் கிளப் உறுப்பினர்கள் கையில் பெரும்பான்மை ஓட்டு இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால்தான் நின்று பார்க்கும் இடமும் இந்த விலையும் இன்னும் பிழைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அதில் யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு ரயிலுக்கு நடந்தோம். அண்ணை அதிகம் பேசவில்லை. அந்த அம்மா பிரியும்போது என் முழங்கையைத் தட்டி, அடுத்த தடவை பார்ப்போம் என்றார். எனக்கு அங்கே நிரந்தர இடம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. (அந்த சீசனை டோர்ட்மண்ட் 4வது இடத்தில் முடித்தது, மார்ச்சில் அதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.)

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள். "நாங்க தோத்துட்டோம்" என்றேன். கையில் இருந்த கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "நாங்கன்னா யாரு?" என்று கேட்டாள். நாம என்று வந்திருந்தால் அவளும் உள்ளே இருந்திருப்பாள். நாங்க என்று வந்துவிட்டது, அதில் அண்ணை, அந்த அம்மா, முதுகு காட்டி நின்றவர் எல்லோரும் இருந்தார்கள், அவள் மட்டும் இல்லை. உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன், கோணல் தையலையும் சொன்னேன். சாம்பார் ஆறிவிட்டது.

அடுத்த சீசனுக்கு ரெண்டு டிக்கெட் கிடைக்குமா என்று அண்ணையிடம் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.