பூனை போயும் போகாத ஒவ்வாமை: ஒரு வாடகை நிர்வாகச் சேவை

முன்பு குடியிருந்தவர் பூனை வளர்த்ததைச் சொல்லாமலேயே வீட்டுச் சாவியைக் கொடுத்த இந்த நிர்வாக நிறுவனம், எனக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் ஓயவில்லை என்று எழுத்தில் தெரிவித்த பிறகே துப்புரவுக்கு ஆள் அனுப்பியது. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும், ஒவ்வாமையைத் தூண்டும் ஃபெல் டி 1 என்ற புரதம், பூனை வெளியேறிய பின்னும் மாதக்கணக்கில் தரைவிரிப்பில் தங்கிவிடும் என்பதால், மேலோட்டமாகத் தூசு உறிஞ்சியதில் பயனில்லை. சோபா இடுக்கில் ரோமம் கொத்தாக அப்படியே கிடந்தது. மருத்துவச் சான்றை இணைத்து மறுபடி எழுதியதும் விரிப்பையே அகற்றினார்கள், இரைப்பும் தணிந்தது. தண்டத்தொகையின்றி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை இடத்துக்கு இடம் மாறுவதால், வீட்டில் முன்பு செல்லப்பிராணி இருந்ததா என்ற விவரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்; வாய்மொழி உறுதியை இவர்கள் தாராளமாகவே தருகிறார்கள். இரண்டு நட்சத்திரம், அதுவும் விரிப்பைக் கழற்ற வந்த பணியாளர்களுக்காக.