289 பவுண்: லோங் லைஃப் சேர்விஸ் என்று காசை வாங்கிவிட்டு, உள்ளே விட்டது வேறு ஒயில்

சூடு ஆறுமுன் எழுதுகிறேன். கடைசியில் எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்றும் சொல்கிறேன். லண்டனில் ஜெர்மன் கார்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று போர்ட் மாட்டிய, நம்மவர் நடத்தும் ஒரு கராஜ். பெயர் இப்போது வேண்டாம்.

கார் ஸ்கோடா ஒக்டேவியா, 2.0 டீசல். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் சேர்விஸ் இடைவெளி இரண்டு வகை. நிலையானது: ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 15,000 கிலோமீட்டர். மாறும் இடைவெளி, அதாவது லோங் லைஃப்: கூடியது இரண்டு ஆண்டு, அல்லது 30,000 கிலோமீட்டர். எது முந்துகிறதோ அது. டிக்கியில் ஸ்பெயார் சில்லுக் குழிக்குள் உள்ள ஸ்டிக்கரில் கியூஐ6 என்று இருந்தால் அந்தக் கார் மாறும் இடைவெளியில் வந்தது.

கவுண்டரில் நின்றவர் தானாகவே வந்து அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "இது கியூஐ6 அண்ணை. 507 ஒயில்தான் விடவேணும், வேற விட்டா டிபிஎஃப் அடைச்சிடும். இரண்டு வருசத்துக்கு யோசிக்கத் தேவையில்லை." 507 என்பது 507 00, இப்படியான டீசலுக்கு ஃபோக்ஸ்வாகன் வகுத்த ஒயில் தரம். டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர். சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. அதில்தான் நம்பிக்கை வந்தது. இவ்வளவு தெரிந்தவர் வேறொன்றை விடுவார் என்று யார் நினைப்பார்கள்? கார்ட் மெஷின் பழுது என்றார். 289 பவுண் நேரே பாங்குக்குப் போனது.

காரை எடுத்ததும் திரையைப் பார்த்தால், அடுத்த ஒயில் மாற்றத்துக்கு 365 நாள். லோங் லைஃப் என்றால் 730 அல்லவா காட்டவேண்டும்? டாஷ்போர்ட் பட்டனாலோ மலிவான கருவியாலோ சேர்விஸ் கணக்கை ரீசெட் செய்தால் இந்தக் கார்கள் பெரும்பாலும் நிலையான இடைவெளிக்கு விழுந்துவிடும். பில்லில் "5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக், 5 லீட்டர்" என்று மட்டும். 507 00 என்ற எண் எங்கும் இல்லை. பொனெட்டைத் திறந்தால் ஒயில் ஃபில்டர் மூடியில் பழைய தூசி அப்படியே. ஸ்பானர் பட்ட அடையாளமே கிடையாது.

ஃபோன் எடுத்தால், "அது சொஃப்ட்வேர் அண்ணை, கணக்கெடுக்காதீங்கோ." பிறகு, "மெக்கானிக் லீவில நிக்கிறார்." நேரே போய்க் கேட்டபோது ஒயில் ட்ரம்மைக் காட்டினார்கள். லேபிளில் ஏ3/பி4, 502 00, 505 00 என்ற வேறு தரங்கள். அவ்வளவுதான், 507 00 இல்லை. "ஒயில் எண்டா ஒயில்தானே, எல்லாம் சிந்தெடிக்தான்." 289 பவுணைத் திருப்பிக் கேட்டதும் "அண்ணை" போய் "சேர்" வந்தது. அதன்பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்.

ஒயில் எல்லாம் ஒன்றல்ல. 5டபிள்யூ-30 என்பது தடிப்பு மட்டும். டிபிஎஃப் உள்ள டீசலுக்கு சாம்பல் குறைந்த ஒயில் வேண்டும். 507 ஒயில் சேரும் சி3 தரத்தில் சல்பேட் சாம்பல் 0.8 வீதத்துக்கு மேல் போகாது, ட்ரம்மில் இருந்த ஏ3/பி4 1.6 வரை போகலாம். டிபிஎஃபில் சேரும் கரி ரீஜெனரேஷனில், அதாவது கார் அந்த ஃபில்டரைச் சூடாக்கித் தானே சுத்தம் செய்யும்போது, எரிந்துவிடும். சாம்பல் எரியாது, அங்கேயே கிடந்து அடைக்கும். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் சென்சர் ஒயிலின் மட்டத்தையும் வெப்பத்தையும்தான் அளக்கிறது. ஓடிய தூரம், ஓட்டிய விதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி நாளைக் கணக்கிடும். உள்ளே இருப்பது 507ஆ, மலிவான ட்ரம் ஒயிலா என்று அதற்குத் தெரியாது. ரீசெட் செய்தவன் சொன்னதை அது நம்பும். இதே ஒயிலை விட்டு 730 நாளும் போட்டிருந்தால் இன்னும் மோசம். அந்த வகையில் இவர்களுடைய சோம்பல் எஞ்சினைக் காப்பாற்றியது என்றே சொல்லவேண்டும்.

கடைப் பயணம், பள்ளிக்கூட ஓட்டம் என்று குறுகிய தூரமே ஓடும் டீசலுக்கு லோங் லைஃப் வேண்டாம் என்பது என் கருத்து. ரீஜெனரேஷன் பாதியில் நிற்க நிற்க, அதற்கென்று கூடுதலாகப் பீச்சிய டீசல் ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும், ஒயில் நீர்த்துப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஆனால் 507 ஒயிலாலேயே. மோட்டர்வேயில் நாளாந்தம் ஓடுபவர்களுக்கு மாறும் இடைவெளி சரி.

விவரமாக எழுத இப்போது மனமில்லை. அவசரத்துக்கு இவை: பில்லில் 507 00 என்ற எண் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். சீல் உடைக்காத கேனைக் கண்ணால் பாருங்கள். பழைய ஃபில்டரைக் கையில் கேளுங்கள். சம்ப் போல்ட் புதிதா என்று கேளுங்கள், வாஷரோடு சேர்ந்தே வருவது அது. கராஜை விட்டு வெளிக்கிடுமுன் திரையில் நாளைப் பாருங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். 100 பவுணுக்கு மேல் என்றால் செக்ஷன் 75 இருக்கிறது, அந்தச் சட்டப் பிரிவில் கார்ட் நிறுவனத்திடமே காசைக் கேட்கலாம். பாங்க் ட்ரான்ஸ்ஃபருக்கு அது கிடையாது.

289 பவுணுக்கு 14 நாள் கெடு வைத்துக் கடிதம் போயிருக்கிறது. தராவிட்டால் ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்தான்.